சத்து ஊசி என்று சொல்லாதீர்கள்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில், புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ளும் பெரியவர்களின் மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும்,

மருத்துவமனைக் கோப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மாதந்தோறும் போடப்படுவது சத்து ஊசி என்றும், காலையில் தரப்படுவது நீர்க்கடுப்புக்கான மாத்திரை என்றும் வீட்டுப் பெரியவரிடம் நீங்கள் சொல்லி வருகிறீர்கள். எல்லோரும் இப்படிச் செய்வதில்லை என்றாலும், செய்பவர்கள் குறைவானவர்கள் அல்லர். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தால் அவர் மனம் உடைந்துவிடும், சோறு இறங்காது, சொந்தபந்தங்கள் வந்து விசாரித்தே பாதி உயிரை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பதும், அந்த அச்சம் அன்பிலிருந்து பிறந்தது என்பதும் மறுக்கத்தக்கவை அல்ல. ஆயினும், தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளைக் கணக்கிட்டு நாற்றுவிட்டவர், மஞ்சளை எந்த விலைக்கு விற்பது என்பதையும் பெண்ணை எந்த ஊரில் கொடுப்பது என்பதையும் தாமே தீர்மானித்தவர், தம் உடம்பைப் பற்றிய செய்தியை மட்டும் தாங்கமாட்டார் என்று நீங்களே முடிவு கட்டிவிடுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். அத்தோடு நில்லாமல், இந்த மருந்தைப் பொறுத்தவரை அம்மறைப்பு உயிருக்கே கேடாக முடியவும் கூடும். காய்ச்சல் மாத்திரையைப் பெயர் தெரியாமல் விழுங்கினாலும் காய்ச்சல் தணியும். ஹார்மோன் தடுப்பு மருந்தோ, அதை உட்கொள்பவர் அதன் இயல்பை அறிந்து, தம் உடம்பில் நேரும் மாற்றங்களைக் கவனித்துச் சொன்னால்தான் பாதுகாப்பாக நடக்கும்.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உரிய, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சிறிய சுரப்பி ஆகும். விரைகளில் பெருமளவும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளில் சிறிதளவும் உண்டாகும் ஆண் ஹார்மோன்களே இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்க்கு ஊட்டம் தருகின்றன. அவற்றுள் தலையாயது டெஸ்டோஸ்டீரோன். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ், விரைகளை நீக்கினாலோ பெண் ஹார்மோனைக் கொடுத்தாலோ பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் ஒடுங்குகிறது என்பதை 1941இல் வெளியிட்டார். 1966இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே காலக்கட்டத்தில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள், பெண் ஹார்மோன் மாத்திரையை மிகுந்த அளவில் உட்கொண்டவர்களிடையே புற்றுநோய்ச் சாவு குறைந்தாலும் இதயமும் ரத்தக் குழாய்களும் பழுதுபட்டு நேரும் சாவு கூடியதைக் கண்டறிந்தன. மருந்து நோயை அடக்கும்போதே உடம்பின் மற்றோர் இடத்தைத் தாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை, ஆக, இச்சிகிச்சையின் தொடக்க காலத்திலிருந்தே உடன் வந்துகொண்டிருக்கிறது.

இன்று உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தரப்படுவது மூன்று வகைகளுள் ஒன்றாகவோ, அவற்றின் சேர்க்கையாகவோ இருக்கும். லியூப்ரோலைடு, கோசெரிலின், டிரிப்டோரெலின் ஆகிய ஊசிகளும், வேறு வழியில் இயங்கும் டெகாரெலிக்ஸ் ஊசியும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகின்றன. பைகாலுடமைடு, என்சாலுடமைடு போன்ற மாத்திரைகள், ஆண் ஹார்மோன் சென்று ஒட்டிக்கொள்ளும் ஏற்பிடத்தைத் தாங்கள் அடைத்துக்கொள்கின்றன. அபிராடெரோன் என்னும் மாத்திரை, விரை, அட்ரினல், புற்றுக்கட்டி ஆகிய மூன்று இடங்களிலும் அந்த ஹார்மோன் உருவாவதையே தடுக்கிறது. ஊசிக்குப் பதிலாக விரைகளை அறுவை மூலம் நீக்கிவிடும் பழைய முறையும், செலவு ஒரே தடவையோடு முடிந்துவிடுவதால், நம் நாட்டில் இன்றும் வழக்கில் உள்ளது. அது தாழ்ந்த சிகிச்சை என்று எண்ணுவதற்கு இடமில்லை, ஆனால் ஒருவரிடம் சொல்லாமல் செய்யத்தக்கதும் அல்ல.

மறைப்பின் ஆபத்து முதல் ஊசியிலேயே தொடங்குகிறது. லியூப்ரோலைடு வகை ஊசிகள் டெஸ்டோஸ்டீரோனைக் குறைப்பதற்கு முன்னால், ஓரிரு வாரங்களுக்கு அதைக் கூட்டிவிடும். பிட்யூட்டரி சுரப்பியை ஓயாமல் தூண்டித் தூண்டியே அதைச் செயலிழக்கச் செய்வது அவற்றின் முறை என்பதே இதற்குக் காரணம். நோய் முதுகெலும்பில் பரவியிருந்தால், அந்தச் சில நாட்களில் கட்டி வீங்கித் தண்டுவடத்தை நெருக்கி, கால்கள் மரத்து வலுவிழக்கவும், சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். இதைத் தவிர்க்கவே மருத்துவர்கள் ஊசிக்கு முன்னதாகவோ ஊசியோடு சேர்த்தோ பைகாலுடமைடு போன்ற மாத்திரையைத் தொடங்கிச் சில வாரங்கள் தருகிறார்கள். "ஊசிதான் போட்டாயிற்றே, மாத்திரை எதற்கு" என்று நீங்கள் அதை வாங்காமல் விட்டால் அந்தக் காப்பு போய்விடும். சத்து ஊசி போட்டுக்கொண்டதாக நம்பும் பெரியவரோ, இடுப்பு வலி கூடி, நடக்கும்போது கால் தடுமாறினாலும், வரப்பில் வழுக்கியதன் விளைவு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துப் படுத்துக்கொள்வார். கால் தடுமாறுவது, இடுப்புக்குக் கீழே உணர்வு குறைவது, சிறுநீர் பிரியாமல் போவது ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் அன்றே, விடியும்வரை காத்திராமல், மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். தண்டுவடம் நெருக்கப்பட்ட பின் தவறவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் மீண்டும் நடப்பதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது.

அபிராடெரோன் கொடுக்கப்படும் வீட்டில் சமையலறைக் கடிகாரமும் சிகிச்சையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. வழக்கமான அளவு 250 மில்லிகிராம் மாத்திரைகள் நான்கு, அதாவது நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். மாத்திரைக்கு முன் இரண்டு மணி நேரமும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் வயிறு காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இந்த விதி கண்டிப்பானது என்பதற்குக் காரணம், கொழுப்பு மிகுந்த உணவோடு விழுங்கினால் ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு ஏறத்தாழ பத்து மடங்கு வரை கூடிவிடும் என்பதே. விடியற்காலையில் எழுந்து, கறந்த பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், எட்டு மணிக்கு நெய் விட்ட பொங்கலையோ தேங்காய்ச் சட்னியோடு இட்லியையோ உண்டு, "சோத்துக்கப்புறம்தானே மாத்திரை" என்று பழகியவரின் கையில், என்ன மருந்து என்று சொல்லாமல் நான்கு மாத்திரைகளை நீங்கள் வைத்தால், அவர் தம் வழக்கப்படியே உணவுக்குப் பின் விழுங்குவார். அவர் மேல் பிழையில்லை. காப்பிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, எழுந்தவுடன், தண்ணீரோடு விழுங்கிவிடுவது இந்த ஊர் வாழ்க்கைக்கு எளிதாகப் பொருந்தும் ஏற்பாடு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் தலைமையில் 72 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியான சிறிய ஆய்வொன்று, உணவு மருந்தின் அளவைக் கூட்டும் இந்த இயல்பையே பயன்படுத்தி, குறைந்த கொழுப்புள்ள காலை உணவோடு ஒரே ஒரு 250 மில்லிகிராம் மாத்திரை தந்தால், பி.எஸ்.ஏ. எனப்படும் புரோஸ்டேட் புரதத்தின் ரத்த அளவைக் குறைப்பதில் அது முழு அளவுக்குப் பின்தங்கவில்லை என்று காட்டியது. செலவைக் கருதி நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் இம்முறையை எழுதித் தருவதும் உண்டு. எனவே ஒரே தெருவில் ஒருவர் நான்கு மாத்திரையை வெறும் வயிற்றிலும் மற்றொருவர் ஒரு மாத்திரையை உணவோடும் எடுத்துக்கொண்டு, இருவருமே சரியாக நடந்துகொள்பவர்களாக இருக்கலாம். பக்கத்து வீட்டைப் பார்த்து அளவையோ நேரத்தையோ மாற்றினால்தான் இருவருக்கும் கேடு. மாத்திரையைப் பொடித்துத் தருவதும் கூடாது. வீட்டில் கருவுற்றிருக்கும் மருமகளோ மகளோ இருந்தால், கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதால், உடைந்த மாத்திரையை அவர் வெறுங்கையால் தொடாதிருப்பது நல்லது.

அபிராடெரோனோடு பிரெட்னிசோலோன் என்ற சிறு மாத்திரையும் எழுதப்பட்டிருக்கும். "ஸ்டீராய்டு" என்று யாராவது சொன்னவுடன் உங்களில் சிலர் அதை மட்டும் நிறுத்திவிடுகிறீர்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்ற அச்சம் பொய்யன்று, ஆனால் இங்கே அதன் வேலை வேறு. அபிராடெரோன் அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் என்னும் இன்றியமையாத ஹார்மோன் உண்டாவதையும் குறைத்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட முயலும் உடம்பு, உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும் வேறு ஹார்மோன்களைப் பெருக்கிவிட, ரத்த அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் என்னும் தாது உப்பு சிறுநீரோடு வெளியேறுகிறது, கால்கள் வீங்குகின்றன. பிரெட்னிசோலோன் இந்தச் சங்கிலியை அறுப்பதற்காகவே தரப்படுகிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் வாந்தியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரலாம். கால் வீங்கினால் வீட்டிலுள்ள யாருக்கோ முன்பு எழுதிய நீர் மாத்திரையைத் தருவதும் தவறு. சாதாரண நீர் மாத்திரைகள் பல பொட்டாசியத்தை மேலும் குறைக்கும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையோ புற்றுநோயின் ஏற்பிடத்தையே தூண்டிவிடக்கூடும். பொட்டாசியம் குறைந்ததாம், இளநீரும் வாழைப்பழமும் போதும் என்று முடிவு செய்வது தோப்புகள் நிறைந்த இந்தப் பகுதியில் இயல்பாகத் தோன்றும் யோசனை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அதே இளநீர் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும் என்பதால், ரத்தப் பரிசோதனை செய்யாமல் அதை நம்ப வேண்டாம். முதல் மூன்று மாதங்கள் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனையும், மாதந்தோறும் பொட்டாசியமும் ரத்த அழுத்தமும் பார்ப்பது நடைமுறை. இதற்காகக் கோவைக்கு 80 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியதில்லை. கோபியிலேயே ரத்தம் எடுத்து, முடிவைக் கைப்பேசியில் மருத்துவருக்கு அனுப்பலாம். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம், இவருக்கு இன்ன மருந்து நடக்கிறது என்று சொன்னால், அவர் பார்க்கும் ரத்த அழுத்த அளவுக்குப் பொருள் கிடைக்கும். அதைச் சொல்ல வேண்டுமானால் பெரியவர் எதிரிலேயே சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் நீங்கள் வாய் திறப்பதில்லை.

மற்ற மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பைகாலுடமைடும் அதற்கு முந்தைய ஃபுளுடமைடும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு நாட்களைக் கடத்தாமல், காமாலையை உண்டாக்கியது மருந்தாகவே இருக்கலாம் என்று கருதி அன்றே மருத்துவரைக் காண வேண்டும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்குப் பைகாலுடமைடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். என்சாலுடமைடோ அதே வார்ஃபரினின் வலுவையும் வேறு பல மருந்துகளின் வலுவையும் குறைத்துவிடும், அரிதாக வலிப்பையும் அடிக்கடி களைப்பையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். டி.வி.எஸ். 50இல் சத்தியமங்கலம் சாலையில் தனியாகப் போய்வரும் பெரியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஒரே மருந்து பல நிறுவனப் பெயர்களில் விற்கப்படுவதால், மருந்துக்கடைக்காரர் வேறு பெயருள்ள அட்டையைத் தந்தபோது, பழையதும் புதியதுமாக இரண்டையும் தந்துவிடும் பிழையும் நடக்கக்கூடியது. அட்டையின் பெரிய எழுத்தைப் பாராமல், கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்று யாரோ தரும் சூரணத்தைச் சேர்ப்பவர்கள், அமெரிக்காவில் புரோஸ்டேட் நோய்க்கென்று விற்கப்பட்ட பி.சி.ஸ்பெஸ் என்ற மூலிகைக் கலவை 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதை அறிவது நலம். அதனுள் வார்ஃபரினும் செயற்கைப் பெண் ஹார்மோனும் சொல்லாமல் கலந்திருந்தன.

செலவு என்ற குறையை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. என்சாலுடமைடுக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் கேட்ட காப்புரிமையை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2016இல் மறுத்ததும், 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 விழுக்காடு என்ற வரம்பை மத்திய அரசு 2019இல் விதித்ததும் பாரத்தைக் குறைக்க உதவியவை. இருந்தும், விளைச்சல் பொய்த்த பருவத்தில் மாதாமாதம் ஊசி வாங்குவது எளிதன்று. அதனால் நீங்கள் ஊசியை ஒரு மாதம் தள்ளிப்போடுவதும், பி.எஸ்.ஏ. குறைந்துவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடுவதும் நடக்கிறது. பி.எஸ்.ஏ. குறைந்தது மருந்து வேலை செய்வதன் அடையாளமே தவிர நோய் ஒழிந்ததன் அடையாளம் அன்று. மருத்துவரே திட்டமிட்டு இடைவெளி விடும் முறை ஒன்று இருக்கிறது, கதிர்வீச்சோடு தரப்படும்போது குறிப்பிட்ட காலத்தோடு முடித்துவிடுவதும் உண்டு. அவை கணக்கோடு நடப்பவை, பணத்தட்டுப்பாட்டால் விடும் இடைவெளி அப்படியல்ல. பணமில்லை என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று மாத ஊசி, அறுவை, மலிவான மூலப்பெயர் மருந்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பெருந்துறையிலும் கோவையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் என வழிகள் உண்டு. அவற்றுள் அறுவை போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர், நோயின் பெயரே அறியாமல் எப்படித் தேர்ந்தெடுப்பார்?

ஆண்டுக் கணக்கில் மெல்ல நேரும் கேடுகளும் உள்ளன. ஆண் ஹார்மோன் இல்லாத உடம்பில் எலும்பு அடர்த்தி குறைந்து, குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலே இடுப்பு முறியும் நிலை வரலாம். தசை கரைந்து, வயிறு பெருத்து, சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம். நீரிழிவும் இதய நோயும் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையை இவ்வகை ஊசிகளின் குறிப்பேட்டில் சேர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010இல் ஆணையிட்டது. ராகிக் களியும் வெயிலும் நடையும் எலும்புக்கு நல்லவை. எலும்பைக் காக்கும் ஊசி போடுவதாக இருந்தால், அதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். "வயதானவர், படுத்து ஓய்வெடுக்கட்டும்" என்று அவரைக் கட்டிலில் உட்கார வைப்பது இம்மருந்தைப் பொறுத்தவரை அவருக்குச் செய்யும் உதவியே அன்று.

இவை அனைத்தையும்விடப் பேசப்படாத ஒன்று இருக்கிறது. மார்கழிப் பனியிலும் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துவிடும். மார்பு பெண்களுக்குப் போல் புடைக்கலாம். தாம்பத்திய ஆசை அற்றுப்போகும். காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வரும். இவையெல்லாம் மருந்தின் விளைவுகள் என்று அறிந்த ஒருவர் அவற்றை மருத்துவரிடம் சொல்லி, குறைக்கும் வழி கேட்பார். அறியாத ஒருவர் தம் ஆண்மை போய்விட்டது, புத்தி பிறழ்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றெல்லாம் தமக்குள் குமைந்துகொண்டிருப்பார். உங்கள் தாயும், கணவர் தம்மை வெறுத்துவிட்டார் என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் இருப்பார். மகனிடமோ மருமகளிடமோ இதைச் சொல்ல எந்தப் பெரியவருக்கும் நா எழாது. அவர் மனம் உடைந்துவிடக் கூடாது என்று மறைத்த செய்தியே, அவர் மனத்தை இப்படி உள்ளிருந்து அரித்துவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடுங்கள் என்பது இம்மடலின் வேண்டுகோள் அன்று. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேளுங்கள். எத்தனை நாள் இருப்பேன் என்ற கணக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் உரிமை. ஆனால் நோயின் பெயர், மருந்தின் பெயர், அதை எப்போது எப்படி விழுங்க வேண்டும், எந்தக் குறி கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்பவை அவரிடம் இருந்தே தீர வேண்டியவை. அடுத்த ஊசி நாளுக்கு முன்னால், கோப்பைப் பீரோவிலிருந்து எடுத்து அவரிடம் கொடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் மருந்துகளின் மூலப்பெயர், அளவு, ஊசி போட்ட தேதி, ரத்த அழுத்தம், பி.எஸ்.ஏ., பொட்டாசியம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, பல் மருத்துவரானாலும் கண் மருத்துவரானாலும் அதைக் காட்டிய பிறகே அடுத்த மருந்தை வாங்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் மருத்துவரையே சொல்லச் சொல்லலாம். அப்படிச் சொல்லி முடித்த பின், பெரியவரும், அவர் விரும்பினால் உங்கள் தாயும் மட்டும் மருத்துவரோடு இருக்கும்படி, அழைக்கும்வரை நீங்கள் அறைக்கு வெளியே வந்து நில்லுங்கள்.